ஏழு தப்பு வரைக்கும் பாஸ்: ஒரு லைஃப் கோச்சிடம் போன அனுபவம்

அன்று அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கண்ணு, மத்தியான மாத்திரை நான் போட்டனா?" இரண்டாவது தடவையாகக் கேட்டார். நான் மாத்திரை அட்டையைத் தரையில் வீசிவிட்டு, "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அந்த அட்டையை எடுக்கப் பார்த்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல் நுனி அட்டையில் பட்டது, எடுக்க வரவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் உள்ளே இருந்து ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

அன்று ராத்திரிதான் எனக்கு யாராவது வேண்டும் என்று தோன்றியது. அது 2022 நவம்பர். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். மகள் பத்தாவது. கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. தம்பி பெங்களூரில். எனக்குத் திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை, பதினேழு வருடமாக. வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. நூல் வந்ததா, சாயம் ஒத்துப்போனதா, சாம்பிள் அப்ரூவ் ஆனதா, கப்பல் தேதிக்குச் சரக்கு தயாரா என்று நாள் முழுக்க எல்லோரையும் துரத்த வேண்டும். காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் கடைசி மெயிலுக்குப் பதில் போடுவேன்.

முதலில் போனது தவறான இடத்துக்கு. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி கூப்பிட்டாள் என்று கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனேன். பாட்டு, கைதட்டல், கண்ணை மூடிக்கொண்டு அழச் சொல்வது எல்லாம் இருந்தது. நானும் அழுதேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடையில் இருந்தவர், இன்றைக்கே சேர்ந்தால் 1,20,000 ரூபாய்ப் பயிற்சி 60,000 ரூபாய்க்கு என்றார். வாசலில் மேஜை போட்டு ஆட்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அழுத மனதோடு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். மறுநாள் திருப்பிக் கேட்டபோது கிடைக்கவில்லை. துணி எடுக்கப் போனால்கூட வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மனசு இளகிப்போன நேரத்தில் மட்டும் யாரும் பணம் கட்டாதீர்கள். ராத்திரி தூங்கி எழுந்து முடிவெடுக்கக்கூட நேரம் தராதவர், அதற்குப் பிறகு உங்கள் மனசுக்கு என்ன நேரம் தரப்போகிறார்?

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்டு, நம் வாழ்க்கை முடிவுகளை நாமே எடுக்க உதவுகிறவரைத்தான் லைஃப் கோச் என்கிறார்கள். நம் நாட்டில் அப்படிப் போர்டு வைக்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் வைக்கலாம். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற அமைப்பு மூன்று நிலையில் சான்றிதழ் தருகிறது. முதல் நிலையான ஏசிசி வாங்கக் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500. கட்டாயம் ஒன்றும் இல்லை, விருப்பப்பட்டவர்கள் வாங்குவது. காகிதம் இருப்பதாலேயே ஒருவர் நல்ல கோச் ஆகிவிட மாட்டார். ஆனாலும் "இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் பண்ணியிருக்கீங்க, எங்கே படிச்சீங்க" என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் சொல்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பழைய சிநேகிதி ஒருத்தி மூலமாக ஒரு பெண் கோச்சின் நம்பர் கிடைத்தது. முன்பு ஒரு கம்பெனியில் எச்ஆர் வேலையில் இருந்தவர், ஐம்பது வயது இருக்கும். தமிழிலேயே பேசலாம் என்றார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் எழுதுகிறவள்தான், ஆனால் கோபமும் அழுகையும் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

முதல் பேச்சு இலவசம், அரை மணி நேரம். கம்பெனி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டே பேசினேன். அம்மாவைப் பற்றி, தம்பியைப் பற்றி, மகளின் பரீட்சை பற்றி, கணவரின் நைட் ஷிஃப்ட் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்: "எல்லாரையும் பத்திச் சொன்னீங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. "பரவால்லைங்க, அவசரமில்லை" என்றார். உள்ளே தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

2023 ஜனவரியில் ஆரம்பித்தோம். முதலிலேயே ஒரு பக்கத்துக்கு எல்லாம் எழுதி அனுப்பினார். மொத்தம் பன்னிரண்டு அமர்வு, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, ஐம்பது நிமிடம், வீடியோ கால். அமர்வுக்கு 2,000 ரூபாய், மாதக் கடைசியில் கட்டினால் போதும். வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்னால் சொல்ல வேண்டும். பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் வீட்டில் ஒருவருக்குச் சொல்வேன், அது யார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று இருந்தது. கணவர் பெயரை எழுதினேன். இப்படி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நான் போனது அறிவுரை கேட்க. அவர் ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை. இரண்டாவது அமர்வில் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்: "நீங்களே சொல்லுங்க மேடம், நான் என்னதான் பண்றது?" அவர் பழைய கோச்சு வண்டிக் கதையைச் சொன்னார். கோச் என்ற வார்த்தை ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்ததாம். நம் ஊரிலும் கோச்சு வண்டி என்றுதானே சொல்வோம். "எந்த ஊருக்குப் போகணும்னு ஏறினவங்கதான் சொல்லணும்ங்க. வண்டிக்காரன் முடிவு பண்ணினா அவன் ஊருக்குத்தான் போய்ச் சேருவீங்க" என்றார். அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. பணமும் வாங்கிக்கொண்டு வேலையையும் நம் தலையிலேயே கட்டுகிறாரே என்றுதான் இருந்தது.

அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது மூன்றாவது அமர்வில். அன்றைக்கு அவர் கோச்சிங்கையே நிறுத்திவிட்டார். தூக்கம் எப்படி என்று கேட்டார். மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை என்றேன். சாப்பாடு? ருசி தெரியவில்லை. எத்தனை நாளாக? தீபாவளிக்கு முன்னாலிருந்தே. காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா? பஸ்ஸில் போகும்போது வருகிறது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது என் வேலை இல்லைங்க. இதை டாக்டர்தான் பார்க்கணும். நீங்க பார்த்துட்டு வாங்க, அதுவரைக்கும் நான் ஃபீஸ் வாங்க மாட்டேன்" என்றார். தற்கொலை எண்ணம் ஏதாவது வருகிறதா என்றும் நேராகவே கேட்டார். இல்லை என்றேன், உண்மையும் அதுதான். அப்படி எப்போதாவது வந்தாலோ, ராத்திரியில் தாங்க முடியாமல் போனாலோ 14416க்குப் போன் போடச் சொன்னார். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

எனக்கு அவமானமாக இருந்தது. இவரும் என்னைக் கைவிடுகிறார் என்று நினைத்தேன். பத்து நாள் போகாமல் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. அப்புறம் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க ஒன்பது கேள்வி உள்ள தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். எனக்கு மொத்தம் 14. மனநல மருத்துவரிடம் அனுப்பினார், மாத்திரை ஆரம்பித்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையும் சேர்த்து. ஐந்தாறு வாரத்தில் விடியும்வரை தூங்க ஆரம்பித்தேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ரத்தம் இல்லாத உடம்பையும் சோர்ந்துபோன மனசையும் வைத்துக்கொண்டு "லட்சியம் என்ன" என்று யோசிக்க முடியாது. அதைப் புரிந்துகொண்டு உங்களை டாக்டரிடம் அனுப்பத் தெரிந்தவரே நல்ல கோச். மாத்திரையை நிறுத்து, மனசு வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அன்றோடு அவரை விட்டுவிடுங்கள்.

மார்ச் கடைசியில் மறுபடியும் ஆரம்பித்தோம். டாக்டரிடமும் தொடர்ந்து போனேன்.

ஐந்தாவது அமர்வை நான் மறக்கவே மாட்டேன். அன்று காலையில் ஒரு ஆர்டர் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகியிருந்தது. அந்த ஆத்திரத்தில் அதையே பேசிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தி, இன்ஸ்பெக்‌ஷன் எப்படி நடக்கும் என்று கேட்டார். சொன்னேன். 3,000 பீஸ் ஆர்டர் என்றால் 125 பீஸை அங்கங்கே உருவி எடுத்துப் பார்ப்பார்கள். தப்பில் மூன்று வகை. உடைந்த ஊசி முனை உள்ளே இருந்தால் கிரிட்டிகல், ஒன்று இருந்தாலும் ஃபெயில். ஓட்டை, தையல் விட்டது எல்லாம் மேஜர். நூல் பிசிறு மாதிரி சில்லறைத் தப்புகள் மைனர். மேஜரில் ஏக்யூஎல் (எவ்வளவு தப்பை ஏற்கலாம் என்று வைக்கிற அளவு) 2.5 என்றால் ஏழு தப்பு வரைக்கும் பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில்.

"அப்போ பையரே ஏழு தப்பை ஒத்துக்கிறாருங்களா?"

"ஆமாங்க மேடம். மனுஷங்க தைக்கறதுதானே."

"சரி. உங்க வீட்டுல, உங்களுக்கு எத்தனை வரைக்கும் பாஸ்?"

நான் பேசவே இல்லை. பதினேழு வருடமாக இந்த அட்டவணை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் கொடுத்து வாங்குகிறவர் ஏழு தப்பைப் பொறுத்துக்கொள்கிறார். நான் எனக்கு ஒன்றைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. கடையில் மாவு வாங்கினால் தப்பு, மகளின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் தாமதமானால் தப்பு, அம்மாவுக்குத் தினமும் காலுக்கு எண்ணெய் தேய்க்காவிட்டால் தப்பு. எல்லாமே ஊசி முனைதான் எனக்கு.

என்னென்ன தப்பு எந்த வகை என்று நானே பிரித்து எழுதி வரவேண்டும், இதுதான் அவர் கொடுத்த வீட்டுவேலை. இரண்டு வாரம் யோசித்து எழுதினேன். கிரிட்டிகல் இரண்டே இரண்டு: அம்மாமேல் எதையாவது வீசுவது, மகளை மற்றவர்கள் முன்னால் திட்டுவது. இதற்கு அனுமதி பூஜ்யம். மேஜர்: மாத்திரை மறப்பது, பையருக்குத் தவறான தேதி சொல்வது. மைனரில் ஒரு பக்கம் நிறைந்தது. அடுப்புமேடை துடைக்காதது, துணி மடிக்காதது, கடை மாவு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாதது. அன்றிலிருந்து மைனரை எண்ணுவதை விட்டுவிட்டேன். கிரிட்டிகல் இரண்டையும் மட்டும் காலண்டரில் குறித்தேன். அந்த வருடம் முடிகிற வரைக்கும் மூன்று தடவை சிவப்பு மை பட்டது.

இதை நீங்களும் செய்யலாம், இதற்குக் கோச்கூடத் தேவையில்லை. உங்கள் தொழிலில் ஒரு கணக்கு இருக்கும். டெய்லர் தையலுக்கு என்று துணி விட்டுத்தான் வெட்டுவார், டீச்சர் 35 மார்க்குக்கு பாஸ் போடுவார், சமையல்காரர் பத்துப் பேர் கூட வந்தாலும் சமாளிக்கிற மாதிரிதான் உலை வைப்பார். அந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

அந்தப் பட்டியலைத் தவிர, ஆறாவது அமர்வுக்கு வெறுங்கையோடுதான் போனேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன் என்று நானே சொல்லியிருந்தேன், ஒருநாள்கூட நடக்கவில்லை. காரணமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "செய்ய முடியாம போனதுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார். யோசித்தால், முக்கால் மணி நேரம் என்பதே என் நாளில் கிடையாது. கடைசியில் முடிவானது இது: பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம். எப்போது என்பது கடிகாரத்தில் இல்லை, பால் பாக்கெட்டில் இருக்கிறது. இப்படி "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைப்பது நன்றாக வேலை செய்யும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் 1999இலேயே எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வேலை செய்தது. மழை நாளில் மட்டும் போவதில்லை.

வேலையை விடுவது பற்றிய பேச்சு சுருக்கமாக முடிந்தது. ராஜினாமா கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தவள் நான். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் நூல் வரணும், எந்த நாளில் சாயம் முடியணும் என்று போடுகிற டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை எனக்குக் கைவந்த கலை. அதே மாதிரி என் ராஜினாமாவுக்கு ஒரு தேதி வைத்துப் பின்னோக்கிப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். செப்டம்பர் 30 என்று வைத்தேன். அதற்கு முன்னால் ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும், வீட்டுக்கடன் தவணை 14,200 ரூபாய்க்கு வழி வேண்டும், கணவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சின்ன யூனிட்டாவது வேலை தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். பயம் எல்லாம் வரிசையில் வந்து நின்றதும் பாதி குறைந்தது. சொன்ன தேதியில் விட்டேன். இப்போது மூன்று சின்ன யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் ஃபாலோ-அப் செய்கிறேன். வருமானம் முன்பைவிடக் குறைவு, மூன்றில் இரண்டு பங்கு வரும். விடத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள், கணக்குப் போடாமலே பயந்து கிடக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது தம்பியிடம் பேசுவதுதான். அவன் கெட்டவன் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்புவான், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவோடு பேசுவான். அவ்வளவுதான் தன் பங்கு என்று நினைத்திருந்தான், அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. மே மாதம் ஒரு அமர்வு முழுக்க ஒத்திகை பார்த்தோம். கோச் என் தம்பியாக உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன்: "தம்பி, உனக்கு வேலை ஜாஸ்தின்னு தெரியும், முடியாட்டி பரவால்லை, இருந்தாலும்..."

"நில்லுங்க" என்றார். "கேட்கறதுக்கு முன்னாடியே அவருக்கு வழி விட்டுடறீங்களே."

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை குற்றம் சாட்டுகிற மாதிரி வந்தது. "இதைக் கேட்டா நான் சண்டைக்குத்தான் வருவேன் அக்கா" என்று தம்பி குரலிலேயே சொன்னார். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அன்று ராத்திரியே போன் செய்தேன். "தம்பி, வருஷத்துல நாலு மாசம் அம்மா உன்கூட இருக்கணும். ஜூன், ஜூலை முதல் தவணை. எனக்கு உடம்புக்கு முடியலை, டாக்டர்கிட்டப் போயிட்டு இருக்கேன்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. வழக்கமாக இருந்தால் நானே அதை நிரப்பியிருப்பேன், சரி விடு என்று முடித்திருப்பேன். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "டாக்டர்கிட்டப் போறேன்னு ஏக்கா சொல்லவே இல்ல?" என்றான். குரல் உடைந்திருந்தது.

ஜூன் முதல் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நான் பையில் துணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைய அனுப்பறியா கண்ணு?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆமாம்மா. ரெண்டு மாசம். ஆடிப்பெருக்குக்கு நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அம்மா தலையாட்டினார். வண்டி கிளம்பின பிறகு ரொம்ப நேரம் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நிம்மதியும் இருந்தது, குற்ற உணர்ச்சியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் போய்க் கூட்டி வந்தேன். அம்மாவின் பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ஏழு நாளைக்கு, காலை, மதியம், இரவு என்று தனித்தனி அறை, ஒவ்வொன்றிலும் மாத்திரை. தம்பி வாங்கியது. இரண்டு மாதம் கூட இருந்து பார்த்ததில் அவனுக்கே தோன்றியிருக்கிறது.

வந்த அன்றே மத்தியானம் அம்மா கேட்டார், மாத்திரை போட்டனா என்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது டப்பாவை எடுத்துப் போய், சனிக்கிழமை மதிய அறையைத் திறந்து காட்டினேன். அம்மா விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"போட்டுட்டேன்" என்றார்.